கத்திரி வெயிலில் மாமல்லபுரம்

கேள்வி: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. மாமல்லபுரம் போனால் வெயிலும் கூட்டமும்தான் மிச்சம் என்கிறார்களே, போகலாமா? (வாசகர், கோவில்பதாகை)

பதில்: தாராளமாகப் போகலாம். மாதத்தைக் குறை சொல்கிறோம். கெடுப்பது நாம் போய்ச் சேரும் நேரம். வீட்டில் இட்லி முடித்துக் கிளம்பும் குடும்பங்கள் எல்லாம் பதினொரு மணிக்கு ஐந்து ரதங்களின் முன் ஒன்றாக நிற்கின்றன. அதற்குள் கருங்கல் கொதிக்கத் தொடங்கிவிடும். நுழைவாயிலோ காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. இளவெயில் நேராக விழும்போதுதான் யானையின் காலடியில் தவம் செய்யும் பூனையும், அதை நம்பி நிற்கும் எலிகளும் துலக்கமாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே பாறை வெறும் சுவர்.

மார்கழியில் போனால் என்ன என்பீர்கள். குளிர்ச்சிதான், ஆனால் அரையாண்டு விடுமுறை, நாட்டிய விழா, வெளிநாட்டார் எல்லாம் அப்போதுதான். கூட்டம் குறையாது. கூட்டத்தைத் தவிர்க்க நேரம்தான் வழி, வெனிஸைப் பாருங்கள். அந்த நகரம் 2024இல் நெரிசல் நாட்களில் பகல்பொழுதுக்கு மட்டும் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது. அங்கேயும் காலை எட்டரைக்கு முன் நுழைந்தால் கட்டணமில்லை. ஆறு மணிக்குப் போய்ச் சேரப் பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்புவது பாவம்தான், வண்டியில் தூங்கட்டும். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறினால் வண்டலூர் வரை தடையில்லை. பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள்.