நேரலையா, காணொளியா, சுவரொட்டியா?

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட் சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீரை ஆய்வு செய்திருக்கிறேன். இணையவழி மாநாட்டில் நேரலை உரை, பதிவு செய்த காணொளி, மின்சுவரொட்டி ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– ஆய்வு மாணவி, செவ்வாப்பேட்டை

பதில்: 2020-இல் பெருந்தொற்றால் உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) நடத்தும் தமிழ் இணைய மாநாடே இணையவழிக்கு மாறியது. அதன்பின் இந்தக் கேள்வி பல ஆய்வாளர்களுக்கும் வந்துவிட்டது.

ஆய்வு முறையே புதிது என்றால் காணொளி நல்லது. படிப்படியாக விளக்கலாம், நடுவில் இணைப்பு போனாலும் பேச்சு தடைப்படாது. முடிவுகளைப் பலர் முன் வைத்து உடனுக்குடன் பதில் சொல்ல விரும்பினால் நேரலை உரை. ஆனால் அதற்குத் தடையில்லாத இணைப்பும் மின்சாரமும் வேண்டும்.

உங்களுடையது கிணறு வாரியான அளவுகள். அதற்கு மின்சுவரொட்டிதான் பொருத்தம். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இந்தக் கிணற்றில் மட்டும் ஏன் உப்பு அதிகம்?" என்று கேட்பவர் அங்கேதான் கிடைப்பார். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் மைக் மாரிசன் 2019-இல் முன்வைத்த சுவரொட்டி வடிவமைப்பைப் பின்பற்றுங்கள்: முக்கிய முடிவு ஒரே வாக்கியமாக, நடுவில், பெரிய எழுத்தில். மாநாட்டு விதி தடுக்காவிட்டால், திரைக்கு ஏற்ப 16:9 கிடைமட்டமாக அமையுங்கள்.

அனுப்புமுன் கைபேசியில் திறந்து பாருங்கள். எண்கள் படிக்கக் கடினமாக இருந்தால், எழுத்தைச் சுருக்காதீர்கள்; அட்டவணையைக் குறையுங்கள்.