ஆறு பேரைச் சேர்த்தால் போதுமா? – பெருக்குத் தொடரில் ஒரு வாழ்க்கைப் பாடம்

மேல்பட்டாம்பாக்கம் பகுதியைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாடவேளை முடிந்ததும் தயங்கியபடி வந்தாள். "டீச்சர், எங்கம்மாவுக்குக் கீழே நீங்க சேர்றீங்களா? இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஆறு பேரைக் காட்டணுமாம்."

அவள் அம்மா முந்திரிக்கொட்டை உடைப்பவர். வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னதை நம்பி, மகளிர் குழுக் கடனை எடுத்துக் கட்டியிருந்தார். நான் சேரவில்லை. ஆனால் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு அவளை அனுப்பிவிட மனம் வரவில்லை. சில வாரங்கள் கழித்து, யாரையும் சுட்டாமல், பெருக்குத் தொடர் பாடத்தில் இந்தச் செயல்பாட்டைச் சேர்த்தேன்.

செயல்பாடு

தேவை: 430 புளியங்கொட்டைகள். 43 மாணவர்களுக்கும் ஆளுக்குப் பத்து. ஆசிரியரே 'நிறுவனம்'. ஒருவர் முதலில் சேர்கிறார்; அவர் ஆறு பேரைச் சேர்க்கிறார்; அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கிறார்கள் (1 + 6 + 36 = 43). சேரும்போது பத்துக் கொட்டைகள் கட்டவேண்டும். அதில் மூன்று, சேர்த்துவிட்டவருக்கு, ஒன்று, அவருக்கும் மேலே உள்ளவருக்கு, மீதி நிறுவனத்துக்கு.

முடிவில் எண்ணச் சொல்லுங்கள். முதல்வரிடம் 54, அடுத்த ஆறு பேரிடம் ஆளுக்கு 18, நிறுவனத்திடம் 268. மற்ற 36 பேரின் கை வெறுமை. "நாங்களும் ஆள் சேர்க்கிறோம்" என்பார்கள். "யாரை?" என்று கேளுங்கள். வகுப்பில் ஆள் மீதியில்லை.

இப்போது கரும்பலகைக்கு வரலாம். 1 + 6 + 6² + … + 6¹⁰ = 7,25,59,411. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. பத்தாவது படியிலேயே மாநிலம் தீர்ந்துவிடுகிறது. கடைசிப் படியில் மட்டும் 6,04,66,176 பேர். அதாவது ஆறில் ஐந்து பேருக்குக் கீழே யாருமில்லை. அவர்கள் உழைக்காததால் தோற்கவில்லை, கணக்கே அப்படி.

மாணவர் குறைவாக உள்ள வகுப்பில் மூன்று பேரைச் சேர்ப்பதாக வைத்து 13 பேருடன் (1 + 3 + 9) செய்யலாம்.

சொற்களைக் கவனிப்போம்

கணக்கு தெரிந்தவர்களும் ஏன் சேர்கிறார்கள்? யோசிக்க நேரம் தருவதில்லை என்பதே முதற்காரணம். வீட்டில் கேட்ட வாசகங்களை எழுதச் சொன்னபோது மாணவர்கள் எழுதியவை:

"இன்னிக்கே கட்டினாத்தான் இந்தச் சலுகை."
"சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க நூறு பேர் பட்டியல் போடுங்க."
"வேண்டாம்னு சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க."
"வருமானம் வரலைன்னா உங்க முயற்சி போதலை."

கடைசி வாசகம் மிகக் கொடியது. இழந்தவரையே குற்றவாளியாக்கி வாயை அடைத்துவிடுகிறது. தான் சேர்த்துவிட்ட தங்கைக்கும் அண்டை வீட்டாருக்கும் என்ன பதில் சொல்வது என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. 2024 ஜனவரி இறுதியில், கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று உறுப்பினர்களைச் சேர்த்த மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீதான வழக்கை அடுத்து, கோயம்புத்தூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். புகார் கொடுக்க அல்ல, நிறுவனத்துக்கு ஆதரவு தெரிவிக்க! உறுப்பினரின் மனநிலையை இதிலிருந்து உணரலாம்.

ஒவ்வொரு வாசகத்துக்கும் மறுமொழியை மாணவர்கள் நடித்துக் காட்டட்டும். மூன்று போதும்: "ஆளே சேர்க்காமல் பொருளை மட்டும் விற்றால் எவ்வளவு கிடைக்கும்?", "எனக்கு வரும் பணம் யார் கட்டியது?", "வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்."

ஆசிரியர் அறியவேண்டியவை

பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவற்றை நடத்துவது மட்டுமல்ல, உறுப்பினராகச் சேர்வதும் தடைசெய்யப்பட்டது. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் பிரமிடுத் திட்டங்களைத் தடுக்கின்றன. இணையவழியில் பணம் இழந்தால் உடனே 1930. நுகர்வோர் புகாருக்கு 1915.

நம் பெயருக்கு ஊரில் மதிப்பு உண்டு. "டீச்சரே சேர்ந்திருக்காங்க" என்ற ஒரு சொல் பத்து வீடுகளின் சேமிப்பைக் கொண்டுபோகும். அதனால்தான் நம்மைத் தேடி வருகிறார்கள்.

வகுப்பில் நிறுவனப் பெயர் சொல்லவேண்டாம், "யார் வீட்டில் சேர்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்கவும் வேண்டாம். எந்தக் குழந்தையும் தன் தாயை நினைத்துத் தலைகுனியக்கூடாது.

அன்று அந்த மாணவி கடைசி வரிசையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்ததும் கேட்டாள்: "டீச்சர், இந்தக் கொட்டைகளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா? அம்மாகிட்ட செஞ்சு காட்டணும்."