பதினேழு வயதில் ராஜா

கேள்வி: பதினேழு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்தில் அதிகக் கோப்பை வென்ற நாடு நைஜீரியாவாமே? பெரியவர்கள் உலகக் கோப்பையில் மட்டும் ஏன் சோபிக்கவில்லை?

பதில்: உண்மைதான். 1985, 1993, 2007, 2013, 2015 என ஐந்து முறை கோப்பை அவர்களுக்கே, பிரேசிலுக்குக்கூட நான்குதான். 2013-ல் முதல் ஆட்டத்தில் மெக்சிகோவை 6-1 என்று புரட்டி எடுத்தார்கள். அதே மெக்சிகோ இறுதியாட்டத்தில் மீண்டும் எதிரே வந்து நின்றது. மூன்று கோல் வாங்கிக்கொண்டு போனது! அடுத்த முறை விக்டர் ஒசிம்ஹென் ஒருவரே பத்து கோல்.

பெரியவர்கள் உலகக் கோப்பையிலோ கடைசி 16 அணிகள் சுற்றைத் தாண்டியதே இல்லை. பலர் சொல்லும் காரணம், சிறுவர் அணியில் வயது கூடியவர்களைச் சேர்க்கும் மோசடி. அதில் பாதி உண்மை உண்டு. சிறுவர் உலகக் கோப்பைக்கு 2009 முதல் ஃபிஃபா வயதறிய மணிக்கட்டு எலும்பை ஸ்கேன் செய்து பார்க்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் இரண்டு கோப்பை வந்ததே! 1993 அணியின் கானுதான் 1996-ல் ஒலிம்பிக் தங்கமும் வென்றார், சரக்கு இருக்கிறது. அதைப் பத்து வருடம் பொத்திப் பாதுகாக்கும் பயிற்சியும் நிர்வாகமும்தான் இல்லை என்பேன்.

இப்போது சிறுவர் அணிக்கும் போதாத காலம். 2017, 2023 உலகக் கோப்பைகளுக்குத் தகுதியே பெறவில்லை.