பழைய டிரம்முக்குப் பழைய மினுமினுப்பு: வீட்டிலேயே செய்ய 24 குறிப்புகள்

சித்தூர், திருப்பதிப் பக்கம் பேண்ட் செட், மெல்லிசைக் குழு, சர்ச் பாட்டுக் குழு என்று எதிலாவது தாத்தாவோ மாமாவோ வாசித்திருந்தால், அந்த வீட்டுப் பரணில் ஒரு பழைய டிரம் கட்டாயம் இருக்கும். மேலே ஒட்டிய முத்துப் பளபளப்பு ஷீட், ஜிகினா ஷீட் எல்லாம் ஓரம் தூக்கி, வெடித்துப்போய் இருக்கும். உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்ட அவசரப்படாதீர்கள். முக்கால்வாசிச் சேதத்தை வீட்டுச் சாமான்களை வைத்தே சரிசெய்துவிடலாம்.

1. முதல் வேலை, ஷீட் எந்த ரகம் என்று தெரிந்துகொள்வது. 1970களுக்கு முந்தைய வெளிநாட்டு டிரம்களில் பெரும்பாலும் செல்லுலாய்டுதான். அதில் கற்பூரம் கலந்திருக்கும். ஓரத்தைக் கட்டைவிரலால் சூடு வரத் தேய்த்து மோந்து பாருங்கள், கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

2. செல்லுலாய்டு கற்பூரம் மாதிரியே குபீரென்று பற்றிக்கொள்ளும். அடுப்பு, விளக்கு, கொசுவர்த்திச் சுருள் இருக்கும் இடத்தில் இந்த வேலை வேண்டாம். கொஞ்சம் கொளுத்திப் பார்த்து ரகம் கண்டுபிடிக்கும் யோசனையும் கூடவே கூடாது.

3. கழற்றுவதற்கு முன்னால் நாலு பக்கமும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட், வாஷர், ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றிய வரிசைப்படியே காலி முட்டை அட்டையின் குழிகளில் போடுங்கள். திரும்ப மாட்டும்போது தேடுகிற நேரம் மிச்சம்.

4. வெதுவெதுப்பான தண்ணீரில் நாலைந்து சொட்டு ஷாம்பு விட்டு, பழைய பனியன் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து துடைத்தால் வருஷக்கணக்கான அழுக்கு வந்துவிடும். டிரம்மின் கூடான ஷெல்லின் விளிம்பில் மட்டும் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளைவுட் ஊறினால் உப்பிவிடும்.

5. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டையும் ஷீட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். செல்லுலாய்டு கரைந்து குழைந்துவிடும். பழைய ஸ்டிக்கர் பிசின் போக வேண்டுமென்றால் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் போதும்.

6. மங்கிப்போன ஷீட்டுக்கு வெள்ளை டூத்பேஸ்ட்டே பாலிஷ். மிளகு அளவு எடுத்து, மெல்லிய துணியால் வட்டமாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். ஜெல் ரகம் இதற்கு உதவாது.

7. வெள்ளை முத்து ஷீட் மஞ்சளாகிவிட்டதே என்று பிளீச்சிங் பவுடரைத் தேடாதீர்கள். அது மேலழுக்கு அல்ல, ஷீட்டே வயசாகி நிறம் மாறியிருக்கிறது. பழைய டிரம் வாங்குகிறவர்கள் அந்த மஞ்சளைக் குறையாகவே நினைப்பதில்லை.

8. குரோம் ரிம்மில் துரு பிடித்திருந்தால், பார்சலில் வந்த அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் தொட்டுத் தேயுங்கள். துரு போகும், கீறலும் விழாது. பேண்ட் செட் சைடு டிரம்மின் பூச்சில்லாத பித்தளை ஷெல்லுக்கு நம் வீட்டுப் புளியும் உப்பும் போதும். தேய்த்ததும் கழுவி உடனே துடைத்துவிடுங்கள்.

9. ஒட்டுவாய் பிளந்து இடைவெளி விழுந்திருக்கிறதா? கற்பூரம் வருஷக்கணக்கில் ஆவியாகப் போகப் போக செல்லுலாய்டு சுருங்கும். அதனால் வருகிற பிளவு இது. இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்க்கப் பார்த்தால் வேறு இடத்தில் வெடிக்கும். இடைவெளியை அப்படியே விட்டு, அதே நிறத்தில் மெல்லிய பட்டை ஒன்றை வைத்து ஒட்டுங்கள்.

10. தூக்கிய ஓரத்தைக் குளிர்ச்சியாக இருக்கும்போது அழுத்தாதீர்கள், படக்கென்று உடையும். காலை வெயிலில் கால் மணி நேரம் வைத்தாலே நம் ஊர்ச் சூட்டுக்கு இளகிவிடும். ஹேர் டிரையர்தான் வேண்டுமென்றால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள்.

11. பழைய பசைக்கு மேலேயே புதுப் பசை போட்டால் நிற்காது. ஐஸ்கிரீம் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, ஓரத்துக்கு அடியில் விட்டு மெதுவாகச் சுரண்டுங்கள். தூசியைப் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடலாம்.

12. சன்மைக்கா ஒட்டுகிற ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசை இதற்குப் பொருத்தம். ஷீட், மரம் இரண்டிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுத்து, பிறகு அழுத்துங்கள். போல்ட்டைப் பிடிக்கும் லக் மறைக்கிற இடத்தில் ஒரு துளி வைத்து, ஷீட் நிறம் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துத் தொடங்குங்கள்.

13. வட்டமான டிரம்முக்குக் கிளாம்ப் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். சைக்கிள் கடையில் கிடக்கும் பழைய டியூபை நீளப் பட்டையாக வெட்டி, இழுத்துச் சுற்றிக் கட்டி, இரவு முழுக்க விடுங்கள். நடுவில் பட்டர் பேப்பர் வைத்தால் பிதுங்கிய பசை டியூபில் ஒட்டாது.

14. மயிரிழை விரிசலுக்கு ஃபெவிக்விக்கை நேராக ஊற்றாதீர்கள், குண்டூசி முனையில் தொட்டு வையுங்கள். வழிந்ததைப் பஞ்சால் துடைக்கவே கூடாது. பஞ்சும் அந்தப் பசையும் சேர்ந்தால் கை சுடும் அளவுக்குச் சூடேறும்.

15. விரிசல் நீண்டுகொண்டே போகிறதா? அது முடிகிற நுனியில், இருப்பதிலேயே சின்ன டிரில் பிட்டைக் கையால் திருகி, ஷீட்டில் மட்டும் ஒரு பொட்டுத் துளை போடுங்கள். விரிசல் அதைத் தாண்டாது.

16. துண்டு பெயர்ந்த இடத்துக்கு ஒட்டு எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டாம். ஒட்டுவாயில் மேல் ஷீட்டுக்கு அடியிலும், லக்குகளுக்குப் பின்னாலும் அதே நிறத்தில், அதே வயசில் ஷீட் ஒளிந்திருக்கும். தேவையான அளவு மட்டும் பிளேடால் அறுத்து எடுங்கள்.

17. சின்னச் சொட்டைக்கு நெயில் பாலிஷ் கைகண்ட மருந்து. பெரும்பாலான நெயில் பாலிஷில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ், செல்லுலாய்டுக்கு நெருங்கிய சொந்தம். அதனால் நன்றாகப் பிடிக்கும். ஃபேன்சி ஸ்டோரில் ஜிகினா ரகமும் இருக்கிறது. மெல்லிசாக மூன்று நாலு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.

18. ஆழமான குழிக்கு உடைந்த செல்லுலாய்டுத் துண்டுகளைக் கண்ணாடிச் சீசாவில் போட்டு, மூழ்குமளவு அசிட்டோன் ஊற்றி மூடி வைத்தால் கூழாகிவிடும். பழைய ஹார்மோனியக் கட்டையின் மேல்தகடு, பழைய காலத்து டேபிள் டென்னிஸ் பந்து எல்லாமே இதற்கு ஆகும். காய்ந்தால் அமுங்கும் என்பதால் இரண்டு தடவை நிரப்புங்கள். திறந்த வெளியில், தீ இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

19. எதற்கும் மசியாத தழும்பா? சைடு டிரம்மாக இருந்தால் அந்தப் பக்கம் வாசிப்பவரைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்துவிடுங்கள். கூட்டத்துக்குத் தெரியாது, செலவும் இல்லை.

20. மொத்த ஷீட்டும் போய்விட்டால் அளந்து வாங்குங்கள்: 14 அங்குல டிரம்முக்குச் சுற்றளவு 44 அங்குலம், 22 அங்குல பேஸ் டிரம்முக்கு 69. ஓரத்தின் மேல் ஓரம் வைத்து ஒட்ட ஒன்றரை அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். முதலில் நியூஸ் பேப்பரில் வெட்டிச் சுற்றிப் பார்த்தால் ஷீட் வீணாகாது.

21. சன்மைக்கா மிச்சம் இருக்கிறதே என்று அதை ஒட்டாதீர்கள். அது சின்ன வட்டத்துக்கு வளையாது. கனத்தினால் ரிம்மும் அடிக்கிற ஹெட்டும் உட்காராது. வண்டிக்கு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் துண்டு ஷீட் கேட்டால் மலிவாகத் தருவார்கள். ஷெல் விளிம்புக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தி ஒட்டுங்கள்.

22. உரித்த பழைய ஷீட்டையும், கம்பெனி பெயர் பொறித்த தகட்டையும் எறிந்துவிடாதீர்கள். 1964ல் பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் அமெரிக்க டிவியில் லுட்விக் டிரம் வாசித்தாரே, அதன் கறுப்புச் சிப்பி ஷீட் மாதிரி பழைய டிசைன்களுக்கு இன்றும் தனி மவுசு. அசல் ஷீட்டோடு இருக்கும் டிரம்முக்குத்தான் நல்ல விலை.

23. பாகம் வாங்க மெட்ராஸ் போகிறவர்கள், அளவையும் படத்தையும் கையோடு கொண்டுபோனால் ஒரே நடையில் வேலை முடியும். 1842ல் தொடங்கி, இப்போது அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் வாத்தியக் கடையில் விசாரிக்கலாம். பேண்ட் செட் டிரம் என்றால் வாத்தியம் செய்வதற்கே பேர்போன மீரட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். உங்கள் ஊர் பேண்ட் மாஸ்டரைக் கேட்டால் வரவழைக்க வழி சொல்வார்.

24. ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை வேலை வேண்டாம். ஈரக்காற்றில் ரப்பர் பசை பிடிக்காது. மாசியில் தொடங்கினால் மே மாதம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்குள் டிரம் தயாராகிவிடும். அதற்கப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஏற்றிவிடாமல், பிளாஸ்டிக் பையில் கட்டாமல், பழைய பருத்திப் புடவை போர்த்தி நிழலில் வையுங்கள். காற்று பட்டால்தான் ஷீட் நீடித்து உழைக்கும்.