கேம் விமர்சகர் இல்லத்திற்குச் சில யோசனைகள்

வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து விமர்சனம் எழுதுவோரின் இல்லங்களில், அழைத்தும் ஆள் வராமல் இரவுச் சாப்பாடு ஆறிப்போவது நித்திய சங்கடம்.

1. விமர்சனப் பிரதி கைக்கு வந்த அன்றே, நிறுவனம் விதித்த தடை நீங்கி விமர்சனம் வெளியாகவேண்டிய நாளையும் மணியையும் சமையலறை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அவ்வாரத்து நெருக்கடி முன்னதாகவே தெரிந்திருந்தால், வீட்டு வேலைப் பங்கீடு மனஸ்தாபமின்றி நடைபெறும்.

2. நடுவே நிறுத்த இயலாத இணையப் போட்டிகளைக் குழந்தைகள் உறங்கிய பின்னரே தொடங்குங்கள். தனியாக ஆடும் கதை விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றையோ, பிளேஸ்டேஷன் 5 போன்ற கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தி ஓய்வு நிலையில் வைத்துவிட்டு, குழந்தை கூப்பிட்ட கணமே எழுந்து செல்லலாம். விட்ட இடத்திலேயே ஆட்டம் காத்திருக்குமாதலால், ‘இதோ, ஒரு நிமிஷம்’ என்று சொல்லவேண்டிய அவசியமே நேராது. யோசனைகளுள் இதுவே பிரதானமானது என்பது என் அபிப்பிராயம்.

3. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ போல, பதினெட்டு வயது நிரம்பியோருக்கென முத்திரையிடப்பட்டவற்றைக் கூடத்துத் தொலைக்காட்சியில் ஆடாதீர்கள். பிள்ளைகள் நடமாடும் இடம் அது.

4. ஆடும்போதே குறிப்பெடுங்கள், மறுபடி ஆடும் நேரம் மிச்சமாகும்.

5. ‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ போல, ஒரே திரையில் நால்வர் ஆடக்கூடியவற்றைக் குடும்பத்தோடு அமர்ந்து பரிசோதியுங்கள். புதியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது தனியாக ஆடுபவருக்குப் புலப்படுவதேயில்லை.