எறும்பா, சிலந்தியா? அண்மைப் படப்பிடிப்பில் ஒரு பாடம்

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களின் வீட்டுத் தோட்டங்களில் மாவும் பலாவும் செழித்து நிற்கின்றன. அவற்றின் கிளைகளில், இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து போன்ற கூடுகளை நாம் காணலாம். முயிறு என்னும் செந்நிற எறும்புகளின் வீடுகள் அவை. தமிழில் முசுறு என்றும் மலையாளத்தில் புளியுறும்பு என்றும் இவற்றை அழைப்பர். வேலைக்கார எறும்புகள் இலைகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தம் புழுக்களை வாயில் கவ்வி, அவை சுரக்கும் பட்டிழையால் இலைகளை ஒட்டுகின்றன.

முயிறுகள் உள்ள மரத்தில் எறும்பெனத் தோன்றும் எல்லாம் எறும்பல்ல. முயிற்றின் உருவையும் நடையையும் ஒத்த குதிக்கும் சிலந்தி ஒன்று தென்னிந்தியாவில் உண்டு. அது முன்னங்கால்கள் இரண்டையும் உணர்கொம்புகள்போல் உயர்த்திக்கொண்டு, ஆறு கால்களால் நடப்பதாய்த் தோன்றும். ஆண் சிலந்தியின் நீண்ட தாடைகளோ, ஓர் எறும்பு மற்றோர் எறும்பைச் சுமப்பது போன்ற மயக்கத்தைத் தரும். முயிற்றின் கடிக்கு அஞ்சும் பகை உயிர்கள் இச்சிலந்தியையும் விட்டு விலகுகின்றன.

வெறுங்கண்ணை ஏமாற்றும் இவ்வேடம் மேக்ரோ எனப்படும் அண்மைப் படத்தில் கலைந்துவிடுகிறது. எட்டுக் கால்களும், முகத்தின் முன் இரு பெருங்கண்களும் அதில் தெளிவாகத் தெரியும். எனவே முதலில் எண்ணுவோம், பிறகு பெயரிடுவோம்.

பொருளை அதன் இயல்பான அளவிலேயே உணரியில் பதிக்கும்போது, ஓரிரு மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாக விழும். ஆகவே கண்ணைக் குவிமையமாகக் கொள்ள வேண்டும். துளையளவை எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைப்பது நன்று. அதற்கு மேலும் மிகக் குறுக்கினால் படத்தின் கூர்மை குன்றும். வில்லையின் வளையத்தைத் திருப்புவதைவிட, நம் உடலை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துவது எளிது. மின்னொளிக்கு முன் வெள்ளைத் தாளைப் பிடித்தால் ஒளி மென்மையாகும். கைப்பேசி உடையோர் அதில் செருகும் சிறு வில்லையைக் கொண்டே தொடங்கலாம்.

மலரும் காளானும் ஓடா, பழகுவதற்கு ஏற்றவை. தொட்டாற்சிணுங்கியின் இளஞ்சிவப்புப் பந்து ஒரே மலரன்று, பல சிறு மலர்களின் தொகுதி என்பதைப் படம் காட்டும். மழைக்குப்பின் முளைக்கும் காளானின் அடிப்புற மடிப்புகளைக் காண, அதைப் பறிக்காமல் அருகே ஒரு சிறு கண்ணாடியை வைத்தாலே போதும். ஆனால் படத்தை மட்டும் நம்பி எக்காளானையும் உண்ணத் துணிதல் கூடாது.

பூச்சி அசையாதிருக்க வேண்டுமென்று அதைக் குளிர்பெட்டியில் அடைப்போரும் உளர். அது வேண்டா. விடியற்காலைக் குளிரில் பூச்சிகள் தாமே மெல்ல அசையும். கூட்டைக் கலைக்காமல், இலையைக் கிள்ளாமல், வந்த சுவடின்றித் திரும்புவதே இக்கலையின் முதல் ஒழுக்கம்.