பாட்டு எழுதினா சோறு கிடைக்குமா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்துட்டா ஹாஸ்டல்ல ஒரு கேள்வி தவறாம வரும். "மச்சி, நான் பாட்டு எழுதப் போறேன். கேம்பஸ்ல உட்காரணுமா, வேணாமா?" கல்சுரல்ஸுக்கு மெட்டுப் போட்டு எழுதுற பசங்களும் பொண்ணுங்களும் எல்லா பேட்ச்லயும் இருக்காங்க. "திறமை இருந்தா ஜெயிக்கலாம்"ங்கிற பதில் அவங்க யாருக்கும் உதவாது. இந்தத் தொழில்ல நின்னவங்க எப்படி நின்னாங்க, காசு எந்த வழியா வந்துச்சுன்னு பார்த்தா கொஞ்சம் தெளியும்.

மதுரையில இருந்தே ஆரம்பிக்கலாம். தமிழின் முதல் பேசும் படம் 1931-ல் வந்த 'காளிதாஸ்'. அதற்குப் பாட்டு எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். நாகலாபுரத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவர். சினிமா வர்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தொழில் ஓடிக்கிட்டு இருந்தது. நாடக மேடைக்கு எழுதினார், கிராமபோன் ரெக்கார்டுக்கு எழுதினார். அவருடைய தேசியப் பாடல்களை விஸ்வநாததாஸ் மேடையில் பாட, ஊர் ஊரா அது பரவுச்சு. அதாவது, சினிமா அவருக்குக் கிடைச்ச மூணாவது வாடிக்கையாளர். 'சினிமா இல்லேன்னா பாடலாசிரியரே இல்லை'ன்னு நாம நினைக்கிறது பின்னாடி வந்த பழக்கம்.

அடுத்து வாலி. நம்ம கேள்விக்கு ரொம்பப் பொருத்தமான ஆள் இவர்தான். திருச்சி வானொலிக்கு எழுதிக்கிட்டிருந்த ஸ்ரீரங்கத்துப் பையன் ஒரு முருகன் பாட்டை எழுதி, நம்ம மதுரைக்காரர் டி.எம்.சௌந்தரராஜனுக்கு போஸ்ட் கார்டுல அனுப்பினார். டி.எம்.எஸ். அதுக்கு மெட்டுப் போட்டுப் பாடினார், மெட்ராஸுக்கு வான்னும் கூப்பிட்டார். வாலியும் போனார். முதல் படத்தின் பேரு 'அழகர்மலைக் கள்வன்'. (ஆமா, நம்ம அழகர் மலைதான்!) ஆனா அதுக்கப்புறம் வருஷக்கணக்கா சரியான வாய்ப்பு இல்லை. தி.நகர் கிளப் ஹவுஸ்ல நாகேஷ் மாதிரி நண்பர்களோட அரைப் பட்டினியா காலம் ஓடுச்சு. ஒரு கட்டத்துல, போதும்டா சாமின்னு மதுரை டி.வி.எஸ். கம்பெனியில் வேலைக்குச் சேரக் கிளம்பிட்டார். அன்னைக்குப் பார்க்க வந்த பி.பி.ஸ்ரீனிவாஸ், 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார். அதைக் கேட்டு மனசு மாறி மெட்ராஸ்லயே தங்கிட்டதா வாலியே பல தடவை சொல்லியிருக்கார். 1963-ல் 'கற்பகம்' வந்தது. பாட்டு முழுக்க அவருடையது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

இந்தக் கதையை மேடையில சொன்னா கைதட்டல் வரும். ஆனா இதுல கவனிக்க வேண்டியது வேற. அந்த நடு வருஷங்கள்ல அவருக்குக் கீழே எந்தத் தரையும் இல்லை. மதுரை பஸ் ஏறியிருந்தா ஒரு கவிஞர் போயிருப்பார். அவரை மாதிரி ஏறிப்போனவங்க எத்தனை பேர்னு எந்தச் சரித்திரத்துலயும் இருக்காது.

பின்னாடி வந்தவங்கள்ல நிறையப் பேர் அந்தத் தரையை முதல்ல போட்டுக்கிட்டாங்க. வைரமுத்து 19 வயசுல, காலேஜ் படிக்கும்போதே 'வைகறை மேகங்கள்' தொகுப்பு போட்டவர். 1980-ல் 'நிழல்கள்' வாய்ப்பு வந்தப்போ ஆட்சிமொழி ஆணையத்தில் மொழிபெயர்ப்பாளர். நா.முத்துக்குமார் இயற்பியல் படிச்சு, தமிழ் எம்.ஏ. முடிச்சு, பாலுமகேந்திராகிட்ட உதவி இயக்குநரா இருந்தார். படம் எடுக்கத்தான் வந்தார், பாட்டு அவரைப் பிடிச்சுக்கிச்சு. தாமரை நம்ம இனம்: கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல். சில வருஷம் வேலை பார்த்துட்டு, சென்னை வந்து பத்திரிகைகளுக்கு எழுதிக்கிட்டே வாய்ப்பு தேடினார். 1998-ல் 'இனியவளே', 2001-ல் 'மின்னலே'. மதன் கார்க்கி கிண்டியில் கம்ப்யூட்டர் படிச்சு, ஆஸ்திரேலியாவுல பிஎச்.டி. வாங்கி, அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கிட்டே 'எந்திரன்' எழுதினார். பாட்டு நிலைச்ச பிறகுதான் வாத்தியார் வேலையை விட்டார்.

அமெரிக்காவுல, கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் ஊர்ல இந்தத் தரையைத் தொழிலே போட்டுக் கொடுக்குது. பப்ளிஷர் கம்பெனி எழுதுறவங்களை ஒப்பந்தம் போட்டு வெச்சுக்கும். மாசாமாசம் ஒரு தொகை வரும். அது சம்பளம் இல்லை, வரப்போற ராயல்டியில கழிச்சுக்கிற அட்வான்ஸ். காலைல ரெண்டு மூணு பேர் ஒரு ரூம்ல உட்கார்ந்து சேர்ந்து எழுதுவாங்க, பாடகர் பிறகு கிடைப்பார். நம்ம ஊர்ல அந்த ஏற்பாடு இல்லை. இங்கே இயக்குநர் சூழலைச் சொல்வார், இசையமைப்பாளர் தத்தகாரத்துல மெட்டு தருவார், ராத்திரியோட ராத்திரியா நாலஞ்சு பல்லவி எழுதிட்டுப் போகணும்.

இங்கேதான் கைத்தொழில் தெரியணும். மெட்டு 'தன்னா தனனா'ன்னு இருக்குன்னு வைங்க. 'ஆனை வருதே'ன்னு போட்டா உட்காரும். 'ஆனை நடந்து'ன்னு போட்டா கடைசி எழுத்தை இழுக்கும்போது 'நடந்தூ'ன்னு கேட்கும், ஸ்டூடியோவே சிரிக்கும். இழுக்குற இடத்துல நெடில் வேணும். கவிதை நல்லா எழுதுறவங்க பலர் மெட்டுல தடுமாறுறது இதனாலதான். தினம் ஒரு பழைய மெட்டுக்குச் சொந்த வரி போட்டுப் பழகலாம், செலவே இல்லாத பயிற்சி.

இனி காசு. பல காலமா பாட்டுக்கு இவ்வளவுன்னு ஒரே தொகை, அதோட முடிஞ்சது. உரிமை தயாரிப்பாளருக்கோ ஆடியோ கம்பெனிக்கோ போயிடும். ஜாவேத் அக்தர் போன்றவங்க போராடி, 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, தியேட்டர்ல படத்தோட சேர்ந்து ஓடுறதைத் தவிர, டிவி, ரேடியோ, ஆன்லைன்னு மற்ற எந்த வழியில் பாட்டு பயன்பட்டாலும் ராயல்டியில் எழுதினவருக்குச் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேற யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. வசூலிச்சுக் கொடுக்குற சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். பாட்டு வெளியான பிறகு அதுல உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் உங்க பேர்ல பதிவு பண்ணணும். பதியாத பாட்டுக்குப் பணம் தேடி வராது. பதிப்புரிமை, எழுதினவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் இருக்கும்.

அதனால கேம்பஸ்ல உட்காருங்கன்னுதான் நான் சொல்வேன். சனி ஞாயிறு எழுதுங்க, குறும்படத்துக்கும் தனி ஆல்பத்துக்கும் எழுதுங்க, எழுதினதைத் தேதியோட மெயில்ல போட்டு வைங்க. முதல் அட்வான்ஸ் கைக்கு வர்ற சந்தோஷத்துல நீட்டுற காகிதத்துல எல்லாம் கையெழுத்துப் போடாதீங்க. சட்டக் கல்லூரியில படிக்கிற ஃப்ரெண்டு யாராவது இருந்தா ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. 'மெர்சல்' படத்துக்குப் பாட்டு எழுதின விவேக்கே ஒரு வக்கீல்தான்.